டயர் வண்டியா, பெல்ட் வண்டியா: டீசல் கணக்கும் நெல் கணக்கும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து 40 ஏக்கர் நெல் போடுகிறீர்கள். அறுப்பு நேரத்தில் மிஷினுக்குக் காத்துக்கிடந்து சலித்துப்போய், கூட்டாக ஒரு பழைய அறுப்பு வண்டி வாங்கலாம் என்று பார்க்கிறீர்கள். 14 அடி கட்டர் பார் (முன்னால் பயிரை வெட்டும் பகுதி) உள்ள டயர் வண்டி ஒன்றும், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் நகரும் 7 அடி பெல்ட் வண்டி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. பெரிய வண்டி என்றால் ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு டீசல் மிச்சம் என்கிறார் தரகர். எந்த வண்டியானாலும் விரட்டி ஓட்டினால் டீசல் குறையும் என்கிறார் உங்கள் ஓட்டுநர். இவை இரண்டும் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் டீசல்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் முடிவு செய்யவேண்டியது உங்கள் வயலுக்கு எவ்வளவு பெரிய வண்டி, அதை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்பதை. நான் வேளாண் பொறியியல் படித்தவன். அதன் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் டெல்டாவில் அறுப்பு மிஷின்களோடு வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தரகர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அகலம் இரண்டு மடங்கு என்பதால் வேலையும் இரண்டு மடங்கு நடக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அறுப்பு மிஷினின் திறனைக் கட்டர் பார் முடிவு செய்வதில்லை. உள்ளே போகும் தாளையும் கதிரையும் அடித்து, உதறி, சலித்து வெளியே தள்ளும் வேகம்தான் முடிவு செய்கிறது. ஏக்கருக்கு 40 மூட்டை, அதாவது 2,400 கிலோ விளைந்த வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 600 கிராம் நெல், கிட்டத்தட்ட அதே எடைக்கு வைக்கோல். 7 அடி வண்டி மணிக்கு 4 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 1.4 கிலோ நெல்லும் அதற்கு ஈடான வைக்கோலும் அதன் வயிற்றுக்குள் போகும். பெல்ட் வண்டிகளில் பரவலாக ஓடும் குபோட்டா டிசி-68ஜி 68 குதிரைத்திறன். பஞ்சாபில் செய்து வரும் 14 அடி டயர் வண்டிகள் பெரும்பாலும் 100 குதிரைத்திறனை ஒட்டியவை. அகலம் இரண்டு மடங்கு, எஞ்சின் ஒன்றரை மடங்குதான். நல்ல விளைச்சல் வயலில் பெரிய வண்டி அதனால்தான் 3 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. நடப்பில் முடியும் வேலையும் ஒன்றரை மடங்குதான்.

டீசல் எங்கே எரிகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கதிரடிக்கும் டிரம், ஃபேன், சல்லடை எல்லாம் ஒரு கதிர்கூட உள்ளே போகாதபோதும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு பங்கு. வண்டியின் எடையை மண்ணில் நகர்த்த ஒரு பங்கு. தாளை இழுத்து அடிக்க ஒரு பங்கு. கடைசிப் பங்கு வண்டியின் அகலத்தால் குறையாது. ஒரு ஏக்கரில் இருக்கும் வைக்கோல், 7 அடியில் அறுத்தாலும் 14 அடியில் அறுத்தாலும் ஒரே அளவுதான். இரண்டாவது பங்கில் கனமான வண்டிக்குத்தான் பாதகம், அதுவும் ஈர மண்ணில். பெரிய வண்டி சம்பாதிக்கக்கூடியது முதல் பங்கில் மட்டும்.

எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் அறுக்கும் ஹெக்டேர் என்பது, அகலம் மீட்டரில், வேகம் கிலோமீட்டரில், வயல் திறன், இந்த மூன்றையும் பெருக்கிப் பத்தால் வகுத்தது. வயல் திறன் என்பது திரும்புவது, நெல் கொட்டுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் போக உண்மையில் அறுக்கும் நேரத்தின் பங்கு. நீளமான, காய்ந்த வயலில் அது 65 சதவீதம் என்று வைத்தால், 7 அடி வண்டி மணிக்கு 1.35 ஏக்கர், 14 அடி வண்டி 2 ஏக்கர். சின்ன வண்டி மணிக்கு 8 லிட்டரும் பெரிய வண்டி 12 லிட்டரும் குடிப்பதாக எடுத்துக்கொள்வோம். இது எஞ்சின் பாதிச் சுமையைச் சற்றுத் தாண்டி ஓடும்போது வரும் அளவு. ஏக்கருக்கு இரண்டுக்கும் 6 லிட்டரை ஒட்டித்தான் வருகிறது. தரகர் சொன்ன மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இதில் எங்கேயும் இல்லை.

அது நீளமான வயல். உங்கள் ஊரில் எத்தனை வயல் அப்படி இருக்கிறது? ஒரு மா, இரண்டு மா என்று வரப்பு கட்டிய நிலம்தான் அதிகம். ஒரு மா என்பது 33 செண்டு, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவு வயலில் ஒரு பக்கம் 50 மீட்டர் இருந்தால் பெரிது. பெரிய வண்டி 60 நொடி அறுத்துவிட்டு, முன்னும் பின்னும் எடுத்துத் திரும்ப 40 நொடி செலவழிக்கும். பெல்ட் வண்டி கால் நிமிடத்தில் திரும்பிவிடும். பெரிய வண்டியின் வயல் திறன் 50 சதவீதத்துக்கு இறங்கினால் மணிக்கு ஒன்றரை ஏக்கர்தான், ஏக்கருக்கு 8 லிட்டரை நெருங்கும். சின்ன வண்டியும் கொஞ்சம் இறங்கும், ஆனால் ஆறரை லிட்டரில் நிற்கும். மூலைகளில் கையால் அறுத்து வழிவிடும் இடமும் பெரிய வண்டிக்குக் கூடுதல். இந்த எண்களெல்லாம் நான் கணக்குப் போட்டவை, உங்கள் வண்டியில் அளந்தவை அல்ல. தேய்ந்த டிரம், தளர்ந்த பெல்ட், அடைத்த ஏர் ஃபில்டர் இருந்தால் ஒரு லிட்டர் சாதாரணமாகக் கூடிவிடும். இரண்டு வண்டிகளுக்கும் உள்ள உறவு இப்படித்தான் இருக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

பெரிய வண்டி பயனற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பஞ்சாபில் கோதுமை அறுக்கும்போது தரை காய்ந்து இறுகிக் கிடக்கும், வயல்கள் நீளம், பயிர் மொரமொரவென்று இருக்கும். அங்கே அது சரியான வண்டி. அமெரிக்காவில் 40 அடிக்கு மேல் கட்டர் பார் வைத்த வண்டிகள் ஓடுகின்றன. ஒரே ஓட்டுநர் ஒரு நாளில் நூறு ஏக்கருக்கு மேல் முடிக்கவேண்டிய நிலப்பரப்பு அது. அளவு என்பது வயலைப் பார்த்து வரவேண்டியது.

இப்போது ஓட்டுநர் சொன்ன வேகம். அவர் சொன்னதில் பாதி உண்மை. சும்மா சுற்றுவதற்கான டீசல் மணிக்கணக்கில் எரிகிறது. ஒரு மணியில் அதிக ஏக்கர் முடித்தால் அந்தச் செலவு பரவிக் குறையும். மணிக்கு நாலரை லிட்டர் அப்படிப் போகிறது, அறுப்பதற்கு ஏக்கருக்கு 3 லிட்டர் ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு ஒரு ஏக்கர் அறுத்தால் ஏக்கருக்கு ஏழரை லிட்டர். ஒன்றரை ஏக்கர் அறுத்தால் 6 லிட்டர். ஒன்றரை லிட்டர் மிச்சம். லிட்டர் 93 ரூபாய் என்றால் 140 ரூபாய்.

அடுத்த பாதியை அவர் சொல்லவில்லை. டிரம்முக்கும் சல்லடைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது வரைக்கும் நெல் சிந்தல் மெதுவாகத்தான் ஏறும். அதைத் தாண்டினால் திடீரென்று மேலே போகும். வைக்கோல் கனமான படுகையாக ஓடும்போது உள்ளே சிக்கிய நெல் கீழே இறங்க நேரமில்லாமல் தாளோடு வெளியே போய்விடும். 40 மூட்டை வயலில் கூடுதலாக 2 சதவீதம் சிந்தினால் 48 கிலோ. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரிலிருந்து சாதாரண ரகத்துக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டால் 2,500 ரூபாய். 48 கிலோவுக்கு 1,200 ரூபாய். 140 ரூபாய் டீசலை மிச்சம் பிடிக்க 1,200 ரூபாய் நெல்லை வயலில் விட்டுவிட்டு வருவது எந்த வகையில் சிக்கனம்?

ஒரு வருடம் குறுவை அறுப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் பக்கத்தில் நின்றே ஓட்டுநரை விரட்டினேன். முடித்தும் விட்டோம். வண்டியின் நெல் டேங்க் நிறைந்துகொண்டே வந்ததால் எல்லாம் நன்றாக நடப்பதாக நினைத்தேன். பத்து நாள் கழித்து அந்த வயல்காரர் கூப்பிட்டு வயலைக் காட்டினார். மழையில் அரிதாளுக்கு நடுவே நெல் முளைத்திருந்தது. வயல் முழுக்க இல்லை. வண்டி வைக்கோல் தள்ளிக்கொண்டு போன தடத்தில் மட்டும், நாற்றங்கால் மாதிரி அடர்த்தியாக, கோடு கோடாக. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பச்சைக் கோடுகளைப் பார்த்த பிறகு நான் யாரையும் விரட்டச் சொன்னதில்லை.

பத்து நாள் காத்திருக்காமல் அன்றைக்கே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டி ஐம்பது அடி நகர்ந்ததும் நிறுத்தி, அது போன தடத்தின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஒரு பட்டையை எடுத்து, விழுந்த நெல்லை எண்ணுங்கள். நடுவில் வைக்கோல் விழுந்த இடத்தை மட்டும் எண்ணினால் சிந்தல் பயங்கரமாகத் தெரியும், ஓரத்தை மட்டும் எண்ணினால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதனால்தான் முழு அகலம். பதரையும் கருக்காயையும் விட்டுவிடுங்கள். ஆயிரம் மணி 25 கிராம் இருக்கும் மோட்டா ரகத்தில், சதுர மீட்டருக்கு சராசரி 100 மணி கிடந்தால் ஏக்கருக்கு 10 கிலோ போயிருக்கிறது. பிபிடி 5204 போன்ற சன்ன ரகத்தில் அதே 100 மணி 6 கிலோதான். அறுக்காத பகுதியிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முற்றி தானாக உதிர்ந்ததை வண்டியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அப்புறம் வேகத்தை அரைக் கிலோமீட்டர் குறைத்துத் திரும்ப எண்ணுங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் முன்பு கொள்ளளவைத் தாண்டித்தான் ஓட்டியிருக்கிறீர்கள். மாறாமல் இருந்தால் வேகத்தில் குற்றமில்லை. ரீல் (பயிரைக் கட்டர் பாருக்குள் சாய்த்துத் தள்ளும் சுழலி), டிரம், சல்லடை, ஃபேன் இவற்றில் எங்கோ அமைப்பு தவறு. ரீல் வண்டியின் வேகத்தைவிட லேசாக அதிகமாகச் சுற்றினால் போதும். படபடவென்று அடித்தால் கதிர் கட்டர் பாருக்கு வருமுன்பே உதிரும்.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். டிராக்டர் ஓட்டிவிட்டு அறுப்பு மிஷினுக்கு வருகிறவர்கள் டீசலை மிச்சப்படுத்த ஆக்சிலேட்டரைக் குறைத்து, கியரை ஏற்றி ஓட்டுகிறார்கள். டிரெய்லர் இழுக்கும்போது அது நல்ல பழக்கம். இங்கே கூடாது. எஞ்சின் வேகம் குறைந்தால் டிரம்மும் ஃபேனும் சல்லடையும் சேர்ந்தே குறையும். கதிரில் நெல் தங்கும், பதர் டேங்குக்கு வரும், கொள்முதல் நிலையத்தில் தூற்றச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். எஞ்சினை அதற்குக் குறித்த வேகத்தில் நிலையாக வைத்துவிட்டு, முன்னே போகும் வேகத்தை மட்டும் எச்எஸ்டி (ஹைட்ராலிக் வேகமாற்றி) லீவரில் கூட்டிக் குறைக்க வேண்டும். பழைய டயர் வண்டியில் அதற்குத் தனி லீவர் இருக்கும்.

நிஜமாகவே டீசல் மிச்சமாகும் இடங்கள் வேறு. காலையில் பனி ஈரத்தோடு இறங்காதீர்கள். ஈரத் தாள் டிரம்மில் சுற்றிக்கொண்டு எஞ்சினை இழுக்கும், நெல்லும் பிரியாது. ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் மாலைக்குள் அதே பரப்பை முடித்துவிடலாம். வெட்டும் உயரம் இன்னொன்று. தாளைப் பாதியில் அறுத்தால் உள்ளே போகும் வைக்கோல் அந்த அளவுக்குக் குறையும், வண்டி இலகுவாக ஓடும். ஆனால் மாடு வைத்திருப்பவருக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோல் கட்டும் மிஷின் வரப்போகிறது என்றால் அடியோடு அறுக்கத்தான் சொல்வார்கள். அதில் தவறில்லை. அப்படி அறுக்கும் வயலில் மெதுவாகப் போகவேண்டும், டீசல் கூடும், அதை வைக்கோல் விலையில் கழித்துக்கொள்ளவேண்டும். சாய்ந்த பயிருக்குக் கணக்கே வேறு. ஒரே பக்கமாகத்தான் அறுக்கமுடியும், திரும்பி வருவது வெறும் ஓட்டம். அந்த வயலில் ஏக்கருக்கு எவ்வளவு ஆகும் என்று நான் யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது மண். உங்கள் பகுதி களிமண். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில் வந்து விழுகிறது. சம்பா அறுப்பிலும் தையில் மழை வராது என்று சொல்லமுடியாது. 3 டன்னைச் சற்றுத் தாண்டும் பெல்ட் வண்டியின் எடையை இரண்டு பெல்ட்களும் தரையைத் தொடும் பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு கால் கிலோவுக்குள் வரும். ஒரு ஆள் நடக்கும்போது ஒற்றைக் காலில் விழும் அழுத்தம் அதைவிட அதிகம். டயர் வண்டியில் அழுத்தம் ஏறத்தாழ டயரில் உள்ள காற்றழுத்த அளவுக்குப் போகும், பல மடங்கு. அதோடு அச்சில் இறங்கும் மொத்த எடை எவ்வளவு ஆழம் வரை மண் இறுகும் என்பதை முடிவு செய்கிறது. அகலமான டயர் போட்டாலும் அது மாறாது. எனவே வயலில் நடந்து பாருங்கள். கணுக்கால் வரை புதைந்தால் டயர் வண்டியை இறக்காதீர்கள். உளையில் இறங்கிய 8 டன் வண்டியை வெளியே இழுக்க ஆகும் செலவில் ஒரு பருவத்தின் டீசல் மிச்சம் காணாமல் போகும். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவது எந்த வண்டிக்கும் நல்லது.

மண் இறுகுவதைப் பற்றி எவ்வளவு பயப்படவேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாகப் பேசமாட்டேன். கனரக வண்டிகளால் விளைச்சல் குறைவதாக வந்த ஆய்வுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளின் கோதுமை, பார்லி வயல்களில் நடந்தவை. நாம் சேறு கலக்கி நடுகிறவர்கள். உழவடியில் இறுகிய அடுக்கு ஓரளவு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். ஆகவே அந்த முடிவுகளை அப்படியே நம் நெல் வயலுக்குக் கொண்டுவர முடியாது. உளுந்து விஷயம் அப்படி இல்லை, அது கண்ணுக்குத் தெரிவது. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்து, பயறு தெளிக்கும் வழக்கம் உங்கள் பக்கம் இருக்குமே. அந்த முளைமேல்தான் வண்டி ஓடுகிறது. பெல்ட் வண்டி நேராகப் போன இடத்தில் ஓரளவு தப்பும். ஒரே இடத்தில் நின்று சுழன்று திரும்பினால் பெல்ட் மண்ணையே புரட்டி, அந்த வட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது. டயர் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உளுந்து அழுகும். அகலமாக வளைத்துத் திருப்பச் சொல்லுங்கள். டேங்க் நிறைந்ததும் வரப்போரம் வந்து கொட்டச் சொல்லுங்கள். நெல் ஏற்றும் டிராக்டரை வயலுக்குள் விடவே வேண்டாம். பல வயல்களில் அறுப்பு வண்டியைவிட அந்த டிரெய்லர்தான் அதிகம் கெடுத்திருக்கிறது.

ஆகவே இரண்டில் ஒன்று என்றால் பெல்ட் வண்டி. ஆனால் வாங்கலாமா என்பதற்கு என் பதில் வேறு. 40 ஏக்கர், இரண்டு போகம், 80 ஏக்கர். மணிக்கு 1.2 ஏக்கர் என்றால் ஆண்டுக்கு 67 மணி நேர வேலை. பழைய வண்டிக்கு 15 லட்சம் போடுகிறீர்கள் என்றால், 10 சதவீத வட்டியே ஒன்றரை லட்சம், ஏக்கருக்கு 1,875 ரூபாய். இதில் டீசல் இல்லை, ஓட்டுநர் கூலி இல்லை, பெல்ட் தேய்மானம் இல்லை. ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து டெல்டாவுக்கு வரும் வண்டிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆண்டு முழுக்க ஓட்டுவதால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. உங்களில் ஒருவராவது அப்படி வாடகைக்கு வெளியே கொண்டுபோகத் தயாராக இருந்தால் வாங்குங்கள். பெல்ட் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டக்கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த லாரி வாடகையையும் ஏக்கர் கணக்கில் சேருங்கள். இல்லையென்றால் 40 ஏக்கரையும் ஒரே ரகம், ஒரே வாரத்தில் நடவு என்று பேசி வைத்து, வண்டிக்காரர் ஒருவரிடம் மொத்தமாக முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நான்கு நாள் தொடர் வேலை என்றால் அவரும் விட்டுப்போகமாட்டார். வேளாண் பொறியியல் துறையும் மணி வாடகைக்கு வண்டி தருகிறது. பருவ உச்சத்தில் கிடைப்பது கடினம், ஆகவே முன்பே பதிந்துவிடுங்கள்.

மணி வாடகை என்றால் ஓட்டுநருக்கு அவசரமில்லை, ஏக்கர் வாடகை என்றால் விரட்டுவார். எதில் பேசினாலும் முதல் ஒரு மாவை நீங்கள் பக்கத்தில் நின்று அறுக்கச் செய்து, நெல்லை எண்ணி, வேகத்தை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். வாங்குவது என்று முடிவெடுத்தால் வாங்குமுன் அந்த வண்டியையே ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சமதரையில் நிறுத்தி டீசல் டேங்கை வாய்வரை நிரப்பி, அளந்து வைத்த மூன்று மாவை அறுத்துவிட்டு, அதே இடத்தில் நிறுத்தி லிட்டர் கேனால் மீண்டும் வாய்வரை நிரப்புங்கள். எவ்வளவு பிடித்ததோ அதுதான் உங்கள் மண்ணில், உங்கள் பயிரில், அந்த வண்டி ஒரு ஏக்கருக்குக் குடிக்கும் டீசல். எட்டு லிட்டரைத் தாண்டினால் ஏர் ஃபில்டரையும் டிரம் பற்களையும் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.